ஆங்கிலக் கட்டுரையை எந்த வரிசையில் திருத்துவது? ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வுக்கான முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில், பேச்சிலும் கேட்டலிலும் ஒன்பதுக்கு ஏழு, ஏழரை எடுத்தவர்கள்கூட எழுத்தில் ஆறிலேயே நின்றுவிடுவதைப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி பார்க்கலாம். அவர்களுடைய நோட்டைப் புரட்டினால் கட்டுரைகளுக்குக் குறைவிருக்காது. ஆனால் ஒன்றுகூட இரண்டாம் முறை எழுதப்பட்டிருக்காது. எழுதுவது, மதிப்பெண் கேட்பது, அடுத்த தலைப்புக்குப் போவது என்றே பயிற்சி ஓடியிருக்கும். இப்படிச் செய்தால் பழைய பிழைகளே மறுபடி மறுபடி எழுதிப் பழக்கமாகின்றன.

ஒரே கட்டுரையை எடுத்து, சரியான வரிசையில் பலமுறை திருத்தி, கடைசியில் புதிதாக எழுதும் முறையை இந்த வழிகாட்டி விளக்குகிறது. வரிசை இதுதான்: முதலில் அமைப்பு, பிறகு வாக்கிய எல்லை, பிறகு இலக்கணம், கடைசியில் சொல். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அரை மணி நேரம் செலவழித்துச் சொற்களை மெருகேற்றிய பத்தி, அமைப்பைப் பார்க்கும்போது வேண்டாததாகத் தெரிந்தால் அந்த உழைப்பு முழுக்க வீண்.

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் பணி என்று சொல்லப்படும் கேள்விகள் இரண்டு; இங்கே இரண்டாம் பணியை எடுத்துக்கொள்கிறோம். அகாடமிக், ஜெனரல் என்ற இரு வகைத் தேர்விலும் இது கட்டுரைதான். குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். எழுத்துத் தேர்வு மொத்தம் 60 நிமிடம். அதில் 40 நிமிடத்தை இதற்கு ஒதுக்கச் சொல்கிறார்கள். முதல் பணியைவிட இதற்கு இரு மடங்கு மதிப்பு. கேள்விக்கு விடை சொன்ன விதம், அமைப்பும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோல்கள். நான்குக்கும் சம மதிப்பு. வேறு தேர்வுக்கோ கல்லூரிக் கட்டுரைக்கோ தயாராகிறவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். படிக்கும்போதே அவற்றை நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத்துக்கூட்டலுக்கும் அது பயிற்சி.

1. தொடங்குமுன் வேண்டியவை

ஒரு கோடு போட்ட நோட்டு, இரண்டு நிறப் பேனா, கடிகாரம், கற்போருக்கான ஆங்கில அகராதி ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்று நிறுவனங்களும் கற்போர் அகராதியை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. ஆங்கிலம் - தமிழ் அகராதி மட்டும் போதாது. ஒரு பெயர்ச்சொல் எண்ணக்கூடியதா இல்லையா, எந்த வினையோடு சேரும், பின்னால் எந்த முன்னிடைச்சொல் ("இன், ஆன், டு" போன்றவை) வரும் என்பதெல்லாம் கற்போர் அகராதியில்தான் இருக்கும். பொருள் தெரிந்த சொல்லுக்கும் அகராதியைத் திறக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நோட்டில் இடப்பக்கத்தைக் காலியாக விட்டு வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். திருத்தங்கள் இடப்பக்கத்தில் வரும். கணினியில் தேர்வு எழுதப் போகிறவர்கள் முதல் வரைவைத் தட்டச்சு செய்து அச்செடுத்துக்கொள்ளலாம். தானாகத் திருத்தும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். தேர்வுத் திரையில் சொல் எண்ணிக்கை தெரியும். எழுத்துப்பிழையை யாரும் அடிக்கோடிட்டுக் காட்ட மாட்டார்கள்.

ஒரு கட்டுரைக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். முதல் நாள் எழுதுவது, அடுத்த நான்கு நாளும் தினம் ஒரு திருத்தம், ஆறாம் நாள் மறுபடி எழுதுவது. திருத்தும் நாட்களில் 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

2. கேள்வியைப் பிரித்துப் படித்தல்

எடுத்துக்காட்டாக ஒரு கேள்வி: சிறு நகரங்களில் பொது நூலகங்களைப் பயன்படுத்துவோர் குறைந்துவிட்டதால், அவற்றுக்கான பணத்தை இலவச இணைய வசதிக்குச் செலவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். இதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?

இதில் மூன்று விஷயங்களை அடிக்கோடிட வேண்டும். சிறு நகரம், பொது நூலகத்தின் பணம் இணையத்துக்கு மாறுவது, எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்ற ஏவல். அவசரமாகப் படிப்பவர்கள் "நூலகமா, இணையமா" என்று மட்டும் எடுத்துக்கொண்டு புத்தக வாசிப்பின் பெருமையை எழுதித் தள்ளுவார்கள். பணம் எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கு அதில் விடையே இருக்காது. இலக்கணம் சுத்தமாக இருந்தாலும் முதல் அளவுகோலில் மதிப்பெண் இறங்கிவிடும்.

ஏவல் எந்த வகை என்பதையும் பாருங்கள். "எந்த அளவுக்கு" என்றால் உங்கள் நிலைப்பாடு தொடக்கம் முதல் கடைசிவரை ஒன்றாக இருக்க வேண்டும். "இரு தரப்பையும் ஆராய்ந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்றால் இரு தரப்புக்கும் இடம் வேண்டும், கருத்தும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் விடை முழுமையாகாது. நன்மை தீமையை விஞ்சுகிறதா என்று கேட்டால் இரண்டையும் பட்டியல் போட்டால் மட்டும் போதாது, எது கனமானது என்று தீர்ப்பும் சொல்ல வேண்டும். பிரச்சினையும் தீர்வும் கேட்கும் கேள்வியில், சொன்ன பிரச்சினைக்கே தீர்வு வர வேண்டும். ஒரே தலைப்பில் இரண்டு நேரடிக் கேள்விகள் வந்தால் ஒன்றுக்கு ஒரு பத்தி.

3. ஐந்து நிமிடத் திட்டம்

திட்டத்தைத் தமிழிலேயே எழுதலாம். தவறில்லை, யோசனை தெளிவாக வரும். வாக்கியமாக எழுதுங்கள், ஒற்றைச் சொல்லாக வேண்டாம். "நூலகம் - அமைதி" என்று எழுதினால் பத்தி எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியாது. "வீட்டில் இடமில்லாத மாணவர்களுக்கு நூலகம்தான் படிக்கும் அறை" என்று எழுதினால் பத்தியின் முதல் வாக்கியம் பாதி தயார்.

நம் கேள்விக்கு இப்படி ஒரு திட்டம் போடலாம்.

நிலைப்பாடு: பெருமளவு ஏற்கவில்லை, பணத்தை மாற்றுவதைவிட, நூலகத்துக்குள்ளேயே இணையம் தருவது நல்லது.

முதல் பத்தி: நூலகம் தரும் படிக்கும் இடத்தை இணையத்தால் தர முடியாது. எடுத்துக்காட்டு, ஒற்றை அறை வீட்டிலிருந்து வந்து மாவட்ட மைய நூலகத்தில் அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள்.

இரண்டாம் பத்தி: இணையம் தேவைதான், ஆனால் கருவி இல்லாதவருக்கு இலவச இணைப்பால் பயனில்லை. நூலகத்தில் கணினியும் இணைப்பும் சேர்த்து வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

ஒரு பத்திக்கு ஒரு வாதம். மூன்று வாதம் தோன்றினால் பலவீனமான ஒன்றை விட்டுவிடுங்கள். 90, 100 சொல்லுக்குள் ஒரு வாதத்தை விளக்கி எடுத்துக்காட்டும் தருவதற்கே இடம் சரியாகிவிடும். எடுத்துக்காட்டுக்குப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை. "ஓர் ஆய்வின்படி 78 சதவீதம்" என்று கற்பனையாக எழுதுவதால் ஒரு லாபமும் இல்லை. தெரிந்த, நம்பும்படியான ஒரு சூழலைச் சொன்னாலே போதும்.

4. நிறுத்தாமல் எழுதுதல்

முப்பது நிமிடம். முன்னுரை இரண்டே வாக்கியம்: கேள்வியை உங்கள் சொற்களில் ஒன்று, நிலைப்பாடு ஒன்று. சுமார் 45 சொல். உடல் பத்திகள் இரண்டும் தலா 90 முதல் 100 சொல். முடிவுரை 35 முதல் 40. மொத்தம் 270 ஒட்டி வரும். முந்நூறைத் தாண்டினால் பிழையும் கூடும், திருத்த நேரமும் போகும். கேள்வியின் வரியை அப்படியே நகலெடுக்காதீர்கள். அது உங்கள் எழுத்தாகக் கணக்கில் வராது. குறிப்புகளாகவும் பட்டியலாகவும் எழுதக் கூடாது, முழு வாக்கியங்கள்தான்.

"இன் திஸ் மாடர்ன் எரா", "எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்" என்று தொடங்கும் மனப்பாட முன்னுரைகளை மறந்துவிடுங்கள். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தத் தலைப்பைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. தேர்வாளர்கள் அதைத் தினமும் பார்க்கிறார்கள்.

எழுதும்போது ஒரு சொல் வரவில்லையென்றால் எளிய சொல்லைப் போட்டு அடியில் சுழியிட்டுவிட்டு நகருங்கள். நடுவில் நின்று திருத்தினால் வாதத்தின் நூல் அறுந்துவிடும்.

5. முதல் திருத்தம்: அமைப்பு

மறுநாள்தான் எடுக்க வேண்டும். எழுதிய கையோடு படித்தால், எழுத நினைத்தது கண்ணுக்குத் தெரியும், எழுதியது தெரியாது.

இடப்பக்கத்தில், ஒவ்வொரு பத்திக்கும் எதிரே, அந்தப் பத்தி சொல்வதைத் தமிழில் ஒரே வரியில் எழுதுங்கள். திட்டத்தைப் பார்க்காமல், பத்தியை மட்டும் பார்த்து எழுத வேண்டும். ஒரே வரியில் அடக்க முடியவில்லையென்றால் அதில் இரண்டு வாதம் கலந்திருக்கிறது. இரண்டு பத்திக்கும் ஏறக்குறைய ஒரே வரி வந்தால், ஒரே வாதத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டாவது நிலைதான் அதிகம் காணப்படுகிறது.

பிறகு அந்த வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். முன்னுரையில் சொன்ன நிலைப்பாட்டை நோக்கி அவை போகின்றனவா? "பெருமளவு ஏற்கவில்லை" என்று தொடங்கி, "ஆகவே இரண்டும் சமமாக முக்கியம்" என்று முடிப்பது அடிக்கடி நடக்கும் சறுக்கல். கடைசி ஐந்து நிமிடத்தில் மனம் மாறிவிடுகிறது, அல்லது சமாதானமாக முடிக்கலாம் என்று தோன்றுகிறது. எந்தப் பக்கம் நின்றாலும் மதிப்பெண் உண்டு. பக்கம் மாறினால்தான் குறையும்.

அடுத்து, ஒவ்வொரு பத்திக்குள்ளும் வாக்கியங்களின் வேலையைப் பாருங்கள். முதல் வாக்கியம் வாதம். இரண்டாவதும் மூன்றாவதும் ஏன், எப்படி என்ற விளக்கம். நான்காவது எடுத்துக்காட்டு. ஐந்தாவது, அந்த எடுத்துக்காட்டு கேள்விக்கு என்ன சொல்கிறது என்பது. தமிழில் நாம் காரணங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் கருத்துக்கு வருவோம். வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதுபோல. ஆங்கிலத் தேர்வுக் கட்டுரையில் கருத்து முதலில் வர வேண்டும். உங்கள் பத்தியின் கடைசி வாக்கியத்தைத் தூக்கி முதலில் வைத்துப் பாருங்கள். பாதிப் பத்திகள் அதிலேயே சரியாகிவிடும்.

இணைப்புச் சொற்களை இப்போதே கவனிக்கலாம். "ஃபர்ஸ்ட்லி, மோரோவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன்" என்று ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஒன்றை வைப்பது தொடர்ச்சி ஆகாது. அது இயந்திரத்தனம் என்று, தேர்வை நடத்துவோர் வெளியிட்டுள்ள மதிப்பீட்டு விளக்கத்திலேயே குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லா இணைப்புச் சொல்லையும் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். பொருள் குழம்பும் இடத்தில் மட்டும் திரும்ப வையுங்கள். மற்ற இடங்களில் முந்தின வாக்கியத்தின் கருத்தை "திஸ்" என்ற சொல்லோடு ஒரு பெயர்ச்சொல் சேர்த்துத் தொடருங்கள்: "திஸ் சேஞ்ச்", "திஸ் ப்ராப்ளம்", "சச் ஸ்டூடன்ட்ஸ்". வெறும் "திஸ்" மட்டும் போட்டால் எதைச் சொல்கிறீர்கள் என்று படிப்பவர் தேட வேண்டியிருக்கும்.

முடிவுரையில் புதிய வாதம் இருந்தால் வெட்டுங்கள்.

6. இரண்டாம் திருத்தம்: வாக்கியம் எங்கே முடிகிறது

தமிழ் பேசுவோர் எழுதும் ஆங்கிலத்தில் மதிப்பெண்ணை அதிகம் தின்பது, வாக்கியத்தை முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காத பிழைதான். அதற்குரிய கவனம் மட்டும் கிடைப்பதில்லை.

"வேலை தேடி நகரத்துக்கு வந்து, வீடு எடுத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, அங்கேயே தங்கிவிடுகிறார்கள்." இதில் முற்றுவினை ஒன்றுதான். மற்றவை வினையெச்சம், ஆகவே காற்புள்ளி போட்டு எத்தனை வேண்டுமானாலும் கோக்கலாம். இதையே ஆங்கிலத்தில் யோசிக்கும்போது ஒவ்வொரு எச்சமும் முற்றுவினையாக மாறிவிடுகிறது: "பீப்பிள் கம் டு தி சிட்டி, தே ரென்ட் எ ஹவுஸ், தே செட்டில் தேர்." மூன்று முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டியிருக்கிறோம். ஆங்கிலத்தில் காற்புள்ளிக்கு அந்தப் பலம் கிடையாது.

இதைப் பிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு முற்றுப்புள்ளியிலிருந்து அடுத்த முற்றுப்புள்ளிவரை எழுவாயோடு வரும் முற்றுவினைகளை அடிக்கோடிடுங்கள். அவற்றை இணைக்கும் சொற்களை வட்டமிடுங்கள்: "அண்ட், பட், சோ, பிகாஸ், ஆல்தோ, இஃப், வென், விச், ஹூ, தட்". எழுவாய்-வினை இணை எத்தனையோ, அதைவிட ஒன்று குறைவாக இணைப்பு இருக்க வேண்டும். அரைப்புள்ளியும் ஓர் இணைப்பாகக் கணக்காகும்.

இணைப்பு குறைந்தால் மேலே பார்த்த ஒட்டுப் பிழை. கூடினால் வேறு பிழை. "ஆல்தோ லைப்ரரீஸ் ஆர் ஓல்ட், பட் தே ஆர் யூஸ்ஃபுல்" என்பதில் இணை இரண்டு, இணைப்பும் இரண்டு, ஒன்று அதிகம். "ஆல்தோ" அல்லது "பட்", ஏதாவது ஒன்றை எடுத்துவிடுங்கள். "பிகாஸ் தே கேனாட் அஃபோர்ட் இட்." என்று தனியே நிற்பதில் இணை ஒன்று, இணைப்பும் ஒன்று, முந்தின வாக்கியத்தோடு சேர்த்துவிட வேண்டியதுதான்.

"ஹவ்வெவர், தெர்ஃபோர், மோரோவர்" ஆகியவை இணைப்புகள் அல்ல. அவற்றுக்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். காற்புள்ளி போட்டு "ஹவ்வெவர்" எழுதுவது பட்டதாரிகளிடமும் ஒட்டிக்கொண்டிருக்கும் பிழை. இன்னொன்று: "ஐ பிலீவ்" என்பதற்குப் பின்னால் "தட்" எழுதாமல் விடலாம், அப்போது மறைந்திருக்கும் அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

கூடவே இரண்டு சோதனைகள். ஒன்று, எழுவாய் இருக்கிறதா? தமிழில் வினையின் விகுதியே யார் என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் "இஸ் வெரி டிஃபிகல்ட் டு ஸ்டடி அட் ஹோம்" என்று தொடங்க முடியாது; "இட்" வேண்டும். இரண்டு, பெயரெச்சத் தொடர். "அவர்கள் எடுக்கும் புத்தகங்கள்" என்பதை "தி புக்ஸ் விச் தே பாரோ தெம்" என்று எழுதுவார்கள். "விச்" ஏற்கெனவே புத்தகத்தைக் குறித்துவிட்டது, "தெம்" தேவையில்லை.

நீளம் பற்றி ஒரு சொல். ஒரு வாக்கியம் 25 சொல்லைத் தாண்டினால் உடைக்க முடியுமா என்று பாருங்கள். நீண்ட வாக்கியம்தான் உயர்ந்த இலக்கணம் என்று நினைக்க வேண்டாம். ஏழு மதிப்பெண்ணுக்கு, பிழையே இல்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும் என்கிறது மதிப்பீட்டு விளக்கம். எல்லாம் குட்டி வாக்கியமாக இருந்தாலும் குறைதான், கலந்து வரட்டும்.

7. மூன்றாம் திருத்தம்: இலக்கணம், ஒரு தடவைக்கு ஒரு பிழை

எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் தேடினால் எதுவும் அகப்படாது. கீழே உள்ள நான்குக்கும் தனித்தனியே நான்கு முறை கட்டுரையை ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

அ. வினை. ஒவ்வொரு வினையிலிருந்தும் அதன் எழுவாய்க்கு ஒரு கோடு இழுங்கள். "தி யூஸ் ஆஃப் மொபைல் ஃபோன்ஸ் ஹேவ் இன்க்ரீஸ்ட்" என்பதில் எழுவாய் "யூஸ்", ஃபோன்கள் அல்ல, எனவே "ஹேஸ்". "ஒன் ஆஃப் தி ரீசன்ஸ்" வந்தால் "இஸ்"தான். பின்னால் வரும் பெயர் பன்மையில் இருக்க வேண்டும். பேச்சுத் தமிழில் "கடை இருக்கு", "கடைகள் இருக்கு" இரண்டுக்கும் வினை ஒன்றே என்பதால் அஃறிணையில் இந்த ஒருமை பன்மைப் பிழை காதில் உறுத்துவதில்லை. கண்ணால்தான் தேட வேண்டும்.

"பீப்பிள் ஆர் ஹேவிங் மெனி ப்ராப்ளம்ஸ்", "இட் இஸ் டிபெண்டிங் ஆன்" போன்றவற்றில் "இங்" கூடாது. வைத்திருத்தல், நம்புதல், தேவைப்படுதல், சார்ந்திருத்தல் போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். "பீப்பிள் ஹேவ்", "இட் டிபெண்ட்ஸ் ஆன்" என்று எழுதுங்கள்.

"பத்து வருஷமாகப் பயன்படுத்துகிறார்கள்" என்று தமிழில் நிகழ்காலம் போடுவோம். அதனால்தான் "சின்ஸ் டென் இயர்ஸ் தே ஆர் யூசிங்" வந்துவிடுகிறது. சரியான வடிவம் "தே ஹேவ் பீன் யூசிங் இட் ஃபார் டென் இயர்ஸ்". கால அளவுக்கு "ஃபார்", தொடங்கிய புள்ளிக்கு "சின்ஸ்".

ஆ. பெயர்ச்சொல்லும் அதன் முன் வரும் "எ", "தி"யும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். எண்ண முடியுமா? ஒன்றா, பலவா? எதைச் சொல்கிறோம் என்று படிப்பவருக்குத் தெரியுமா?

எண்ணக்கூடிய ஒருமைப் பெயர், சில நிலையான தொடர்களைத் தவிர, மொட்டையாக நிற்காது. "எ", "தி", "திஸ்", "தேர்" (அவர்களுடைய) என்று ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்தாலே பாதிப் பிழை போய்விடும். பொதுவாக ஒரு வகையைப் பற்றிப் பேசினால் பன்மை, முன்னால் எதுவும் வேண்டாம்: "லைப்ரரீஸ் ஆர் யூஸ்ஃபுல்". எந்த நூலகம் என்று தெரிந்திருந்தால் "தி": "தி லைப்ரரி இன் மை டவுன்". பொதுப்பொருளில் வரும் "சொசைட்டி", "நேச்சர்" இரண்டுக்கும் "தி" வேண்டாம். "தி இன்டர்நெட்", "தி என்விரான்மென்ட்" இரண்டுக்கும் வேண்டும். "எ"யா, "அன்"னா என்பதை ஒலி தீர்மானிக்கிறது, எழுத்து அல்ல: "அன் அவர்" (ஒரு மணி நேரம்), "எ யுனிவர்சிட்டி".

"இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நாலெட்ஜ், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், ரிசர்ச், எவிடென்ஸ், டிராஃபிக், ஹோம்வொர்க்" இவை எண்ண முடியாதவை. கடைசியில் "ஸ்" சேராது, முன்னால் "எ" வராது. அறிவுரைகள், தகவல்கள், கருவிகள் என்று தமிழில் தாராளமாகப் பன்மை வருவதால் கை தானாக எழுதிவிடும். இந்தப் பட்டியலை நோட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள்.

இ. முன்னிடைச்சொல். நம் "-இல்" என்ற ஒரே உருபு "இன், ஆன், அட்" மூன்றின் வேலையையும் செய்கிறது. "-க்கு" அதுபோல "டு, ஃபார்" இரண்டின் வேலையையும். யோசித்து வருவிக்க வழியில்லை. வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். தேவையில்லாமல் சேர்ப்பவை: "டிஸ்கஸ் அபவுட்", "எம்ஃபசைஸ் ஆன்", "காம்ப்ரைஸ் ஆஃப்", "டெஸ்பைட் ஆஃப்", "கோப் அப் வித்". முதல் நான்கிலும் கடைசிச் சொல்லை நீக்குங்கள், ஐந்தாவதில் "அப்"பை நீக்குங்கள். விட்டுவிடுபவை: "லிசன் டு", "ஆக்சஸ் டு" என்ற பெயர்ச்சொல் தொடர். "ரிசல்ட் இன்" என்றால் விளைவு பின்னால் வரும், "ரிசல்ட் ஃப்ரம்" என்றால் காரணம் பின்னால் வரும். மாற்றிப் போட்டால் வாதமே தலைகீழாகிவிடும்.

ஈ. உள்ளே அடங்கிய கேள்வி. "இட் இஸ் நாட் க்ளியர் வை டூ பீப்பிள் அவாய்ட் லைப்ரரீஸ்" என்பதில் "டூ" கூடாது. கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போனவுடன் சாதாரண வரிசைக்குத் திரும்பிவிடும்: "வை பீப்பிள் அவாய்ட் லைப்ரரீஸ்". கேள்விக்குறியும் வராது.

8. நான்காம் திருத்தம்: சொல்

சுழியிட்டு வைத்த சொற்களுக்கு இப்போதுதான் வருகிறோம். "பிளெத்தோரா", "மிரியட்", "ஆக்மென்ட்" என்று பட்டியலை உருப்போட்டு ஆங்காங்கே சொருகுவதில் பயனில்லை. அரிய சொல்லுக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் அது பக்கத்துச் சொல்லோடு இயல்பாகச் சேர்ந்தால் மட்டுமே.

எனவே தனிச்சொல்லைத் தேடாமல் இணையைச் சோதியுங்கள். கட்டுரையில் உள்ள வினை - பெயர், பெயரடை - பெயர் இணைகளில் சந்தேகமானவை பத்தை எடுத்து, பெயர்ச்சொல்லை அகராதியில் பாருங்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் எந்த வினை வருகிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டியது. "டூ எ மிஸ்டேக்" அல்ல, "மேக் எ மிஸ்டேக்". "ரைஸ் அவேர்னஸ்" அல்ல, "ரெய்ஸ் அவேர்னஸ்". "கெட் நாலெட்ஜ்" புரியும், "கெய்ன் நாலெட்ஜ்" பொருந்தும். தேர்வை "எழுதுகிறோம்" என்பதால் "ரைட் அன் எக்ஸாம்" என்கிறோம். நம் ஊரில் யாருக்கும் உறுத்தாது, ஆனாலும் இந்தத் தேர்வில் "டேக் அன் எக்ஸாம்" என்றே எழுதிவிடுங்கள்.

அடுத்தது, ஒரே சொல் திரும்ப வரக் கூடாது என்ற பயம். அந்தப் பயத்தில் "சில்ட்ரன்" என்பதற்கு "இன்ஃபன்ட்ஸ்" என்று எழுதுகிறார்கள். அது கைக்குழந்தைகள், நூலகத்துக்கு வந்து படிக்க மாட்டார்கள். மையச் சொல்லான "லைப்ரரி" நான்கைந்து முறை வருவதில் தவறே இல்லை. "குட், பேட், திங்ஸ், வெரி, எ லாட் ஆஃப்" போன்ற மங்கிய சொற்களைத் தேடிப் பிடித்து மாற்றுவதில் அந்த உழைப்பைக் காட்டலாம். "மெனி திங்ஸ்" என்ற இடத்தில் எந்தப் பொருட்கள் என்று எழுதினால் சொல்வளமும் வாதமும் சேர்ந்தே உயரும்.

"கிட்ஸ்" போன்ற பேச்சுச் சொற்களைத் தவிர்த்து, "கான்ட்", "டோன்ட்" போன்ற சுருக்கங்களைக் கட்டுரையில் விரித்து எழுதுங்கள். "தான்" என்ற அழுத்தத்துக்காக வாக்கியக் கடைசியில் "ஒன்லி" சேர்ப்பதை விட்டுவிடுங்கள். எழுத்துக்கூட்டலில் பிரிட்டிஷ், அமெரிக்க முறை இரண்டும் ஏற்கப்படும். ஒரு கட்டுரைக்குள் ஏதாவது ஒன்றையே பின்பற்றுங்கள்.

9. பிழை நோட்டும் மறு எழுத்தும்

நான்கு திருத்தமும் முடிந்ததும் நோட்டின் பின்பக்கத்தில் நான்கு நெடுவரிசை வரையுங்கள்: எழுதிய தவறான வாக்கியம், சரியான வாக்கியம், பிழையின் வகை, ஏன் வந்தது. நான்காவது நெடுவரிசையைக் காலியாக விடாதீர்கள். "தமிழில் வருஷமாக என்பதற்கு நிகழ்காலம்" என்று காரணத்தை எழுதினால் அடுத்த முறை கை தயங்கும். "டென்ஸ் தப்பு" என்று எழுதினால் தயங்காது.

நாலைந்து கட்டுரைக்குப் பிறகு மூன்றாவது நெடுவரிசையை எண்ணிப் பாருங்கள். மூன்று நான்கு வகைப் பிழைகள்தான் திரும்பத் திரும்ப வரும். இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் அந்த மூன்று நான்கு பாடத்தை மட்டும் எடுத்துப் படியுங்கள்.

ஆறாம் நாள், திருத்திய பக்கத்தை மூடிவைத்துவிட்டு, அதே கேள்விக்கு 40 நிமிடத்தில் வெற்றுத்தாளில் மறுபடி எழுதுங்கள். பார்த்து எழுதக் கூடாது. திருத்தத்தைக் கண்டுகொள்வது வேறு, நேரக் கெடுவில் சரியாக எழுதுவது வேறு; இரண்டாவதைத்தான் தேர்வு கேட்கிறது. இரண்டு வரைவையும் பக்கத்தில் வைத்து, எந்தப் பிழை போனது, எது மறுபடி வந்தது என்று குறியுங்கள்.

திருத்தும் செயலிகளையும் உரையாடல் மென்பொருள்களையும் இந்த இடத்தில் பயன்படுத்தலாம், இதற்கு முன்னால் வேண்டாம். முதலிலேயே கொடுத்தால் கட்டுரை அழகாகிவிடும், உங்களுக்கு ஒன்றும் ஏறாது. கேட்கும்போதும் "திருத்திக் கொடு" என்று கேட்காமல், பிழையுள்ள வரிகளை மட்டும் காட்டச் சொல்லி நீங்களே திருத்துங்கள். அவை சொல்லும் எல்லா மாற்றமும் பிழைத்திருத்தம் அல்ல. பாதி வெறும் பாணி மாற்றம்.

10. தேர்வு அறையில்

ஐந்து நிமிடம் திட்டம், முப்பது நிமிடம் எழுத்து, கடைசி ஐந்து நிமிடம் திருத்தம். இந்த ஐந்து நிமிடத்தில் அமைப்பை மாற்ற முயலாதீர்கள். பத்தியை இடம் மாற்றினால் இருப்பதும் குலையும். முன்னுரையின் நிலைப்பாடும் முடிவுரையின் நிலைப்பாடும் ஒன்றுதானா என்று மட்டும் ஒரு முறை ஒப்பிடுங்கள். பிறகு வாக்கிய எல்லை. பிறகு பிழை நோட்டில் உங்களுக்கு முதலிடத்தில் இருக்கும் இரண்டு பிழைகள். எழுத்துக்கூட்டலை, கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்தை நோக்கிப் பின்னோக்கிப் படித்தால் பிழை கண்ணில் படும். முன்னோக்கிப் படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போய்விடும்.

சிலர் இரண்டாம் பணியை முதலில் எழுதுவார்கள். இரு மடங்கு மதிப்பு உள்ளது என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. எந்த வரிசையில் எழுதினாலும் அனுமதி உண்டு. ஆனால் முதல் பணிக்கான 20 நிமிடத்தைத் தின்றுவிடாமல் இருக்க, வீட்டிலேயே அதே வரிசையில் முழு 60 நிமிடத் தேர்வாகச் சில முறை எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.